ஒரே சமையலறையில் தொடங்கிய மூன்று ஆராய்ச்சிகள்

1

இந்தக் கதை எனக்கு நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் சரி. நான் ஆவடிப் பக்கம் போகிற வண்டிக்காக நின்றிருந்தேன். பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஓர் இளைஞன், எதிரே நின்ற சரக்கு ரயிலைப் பார்த்து ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான். வணக்கம் சொன்னான். பெயர் சொன்னான். “என் ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கவில்லை; எங்கள் சமையலறையில் தொடங்கியது” என்றான். பிறகு திருப்தியில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பித்தான். சரக்கு ரயில் அவனுக்கு வேலை கொடுக்காமலே கிளம்பிப் போய்விட்டது.

பக்கத்தில் போய், என்ன தம்பி, எந்தக் கல்லூரியில் நேர்காணல் என்று கேட்டிருக்கலாம். கூச்சம். கேட்காமல் விட்டதால் மீதியை நானே உண்டாக்க வேண்டியதாகிவிட்டது. அவன் முதல் வாக்கியத்துக்குப் பட்ட பாட்டை இப்போது நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் முயற்சி: ‘ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இந்த நாட்டில் வேலைக்காக—’ இது கட்டுரை. வேண்டாம்.

அடுத்தது: ‘பூந்தமல்லியில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது.’ பெய்யவில்லை. கதை ஏப்ரலில் நடக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கு மழையில் தொடங்கிப் பழக்கம், அவ்வளவுதான்.

இன்னொன்று: ‘ஹெலினாவுக்கு அந்த வேலை வேண்டும்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஹெலினாவுக்கு அந்த வேலை வேண்டும். வயது நாற்பதை எட்டப்போகிறது. முனைவர் பட்டம் வாங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்பத்தூரில் ஒரு கல்லூரி, ஆவடியில் ஒரு கல்லூரி என்று தற்காலிக விரிவுரையாளராகவே காலம் ஓடிவிட்டது. இப்போது இருக்கிற இடத்திலும், வருகிற ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, நசரத்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு கல்லூரியில்* ஆங்கிலத் துறைக்கு இரண்டு நிரந்தர இடங்கள் என்று விளம்பரம் வந்தது. பூந்தமல்லியில் அவள் வீட்டு வாசலிலிருந்து ஒரே பஸ். இது கிடைக்காவிட்டால் இனி நேர்காணலுக்கே போவதில்லை, ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடுவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

(* கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள். கல்லூரியே என் கற்பனை. அந்தச் சாலையில் இருக்கிற கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.)

நேர்காணல்களில் தோற்றுத் தோற்றே அதில் கரைகண்டவள் ஹெலினா. தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. அதனால் சனிக்கிழமை மதியங்களில், பூந்தமல்லியில் ஒரு தேவாலயத்தின் பின்புறம், ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில், ஆங்கிலத்தில் ஆராய்ச்சி முடித்தவர்களையும் முடிக்கப்போகிறவர்களையும் உட்காரவைத்துத் தயார்செய்தாள். நான்கு பேர் வந்தார்கள். கப்பல் பயணக் கதைகளை ஆராய்ந்த அஜித்குமார். துப்பறியும் நாவல்களை ஆராய்ந்த நிஷா. போர்க் கவிதைகளை ஆராய்ந்த ஜெகதீசன். இவன் குத்தம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருவான். நான்காவது கவிப்பிரியா. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குழந்தைகளுக்கான குட்டைப் பெஞ்சில் மூன்று பேர் தேர்வுக் குழுவாக முழங்கால் இடிக்க உட்காருவார்கள். ஒருவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். குழுவில் எப்போதும் மோசமான ஆள் ஹெலினாதான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் பாதியில் இருக்கும்போது போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

“இன்னாக்கா, நான் பேசிகினு கீறேன், நீங்க பாட்டுக்குப் போனு பாக்குறீங்கோ?” என்று ஜெகதீசன் ஒரு நாள் கோபித்துக்கொண்டான்.

“உள்ள இருக்கிறவங்களும் அப்படித்தான் பாப்பாங்க, நைனா. நீ நிறுத்தாதே. பேசு. அஜித்து, ஃபேன பாக்காதே. ஃபேனுல பதில் எழுதி வைக்கல.”

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு: பயந்தவர்கள் முதலில் போக வேண்டும், தைரியசாலிகள் கடைசியில். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் பெருகும் என்பது அவள் அனுபவம்.

3

தப்பு நடந்தது இரண்டாவது சனிக்கிழமை. எந்த நேர்காணலும் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றுதான் தொடங்கும். நான்கு பேரும் பெயர், ஊர், பட்டம் என்று ரேஷன் கார்டைப் படிப்பதுபோல ஒப்பித்தார்கள். ஹெலினாவுக்குப் பொறுக்கவில்லை. “உங்க ஆராய்ச்சி எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேர்ந்து தொடங்குங்க. இப்போ நானா இருந்தா—” என்று ஒரு மாதிரிக்காகத் தன்னுடையதைச் சொல்லிக்காட்டினாள். “என் ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கவில்லை, எங்கள் சமையலறையில் தொடங்கியது.”

அவள் விஷயத்தில் அது சத்தியம். அவள் அம்மா செலின் ஒரு கான்வென்ட் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். பள்ளி விட்டு வந்து அந்தச் சமையலறை மேடையில் உட்கார்ந்துதான் ஹெலினா படித்தாள். பின்னாளில், வெள்ளைக்காரக் குடும்பப் பெண்கள் தங்கள் சமையல்காரர்களைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதங்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதற்கு அந்த மேடைதான் காரணம்.

மாதிரிக்குத்தான் சொன்னாள். ஆனால் நம் ஊரில் மாதிரி விடை என்றால் என்ன அர்த்தம் என்று ஓர் ஆசிரியைக்கு மறந்துபோகலாமா? நான் படித்த அம்பத்தூர்ப் பள்ளியில் ‘நான் கழித்த விடுமுறை’ என்ற கட்டுரையில் வகுப்பு மொத்தமும் ஊட்டிக்குப் போய்வந்தது. எங்களில் ஒருவன்கூட அதுவரை திருவள்ளூரைத் தாண்டியதில்லை. மாதிரி என்றால் மனப்பாடம். அஜித்குமார், நிஷா, ஜெகதீசன், கவிப்பிரியா நான்கு பேரும் தனித்தனியாக வீட்டுக்குப் போய், மற்றவரிடம் சொல்லிக்கொள்ளாமல், அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக் கண்ணாடி முன்னாலும் மாடிப்படியிலும் ரயில் நிலையத்திலும் உருப்போட்டார்கள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகள் டெமோ வகுப்புக்கும் ஆய்வுச் சுருக்கத்துக்கும் போய்விட்டதால், ‘உங்களைப் பற்றி’க்கு ஹெலினா திரும்பவே இல்லை.

4

கவிப்பிரியாமேல் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. முதல் வரைவில் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. ‘நான்காவதாக ஒரு பெண்’ என்று எழுதி, நேர்காணலன்று கழிவறையில் அழவிட்டிருந்தேன். அப்புறம்தான் அவளுக்கு ஓர் ஆராய்ச்சித் தலைப்பு வேண்டுமே என்று யோசித்தேன். பழைய ஆங்கில நாவல்களில் பெயரில்லாமல் வந்துபோகிற ஆட்கள் பற்றி என்று எழுதினேன். கதவைத் திறந்துவிட்டு, விளக்கை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிற வேலையாட்கள். எழுதிவிட்டு நிமிர்ந்தால், இவளுக்கே நான் பெயர் வைக்கவில்லை. என்னையும் அடிக்குறிப்பில் போட்டுத் தாளித்திருப்பாள்.

ஆகவே கவிப்பிரியா. நெமிலிச்சேரி. தாத்தா பாட்டி அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா ஜெயபாலன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் நிற்கிறார். வீட்டில் யாருக்கும் அவள் என்ன படிக்கிறாள் என்று முழுசாகத் தெரியாது. படிப்பு முடிந்ததா இல்லையா என்பது மட்டும் தெரிய வேண்டும். அவள் அழுகிறவள் அல்ல. கோபப்படுகிறவள். அது எனக்குப் பின்னால் உதவியது.

5

நேர்காணல் நாள். வெளி மாவட்டத்துக்காரர்களைக் காலையிலேயே முடித்து அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்கு மீதி இருந்தது இவர்கள் ஐந்து பேர்தான். ஐந்து பேரும் ஒரே வேலைக்கு வந்திருப்பது யாருக்கும் ஆச்சரியமில்லை. எல்லோரும் சேர்ந்துதான் விண்ணப்பம் போட்டார்கள். முதலில் வந்தவள் ஹெலினா, அவள் பெயர்தான் வரிசையில் முதலாவது. ஆனால் ஐந்து பேரில் அதிகம் பயந்தவன் அஜித்குமார். தன் சட்டத்தைத் தானே மீற முடியுமா? அலுவலகத்தில் சொல்லி, அவனை முதலிலும் தன்னைக் கடைசியிலும் போட்டுக்கொண்டாள்.

அந்த அறைக்கு உள்ளே போக ஒரு கதவு, வெளியே போக வேறொரு கதவு. முடித்தவர்கள் காத்திருப்பவர்களிடம் கேள்விகளைச் சொல்லிவிடக் கூடாது என்று மறுபக்கப் படிக்கட்டு வழியாகவே அனுப்பிவிடுவார்கள். அஜித்குமார் போனான். நிஷா போனாள். நிஷா போன சற்று நேரத்தில் உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்லது, கலகலப்பாகப் போகிறது என்று ஹெலினா நினைத்துக்கொண்டாள். ஜெகதீசன் போனதும் இன்னும் பெரிய சிரிப்பு.

ஜெகதீசன் ஹெல்மெட்டைத் தான் காத்திருந்த நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை எடுக்கக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். கவிப்பிரியா அப்போது தண்ணீர் குடிக்கத் தாழ்வாரத்தின் கோடிக்குப் போயிருந்தாள்.

“அக்கா, மோசம் போய்ட்டோம்க்கா. நான் ‘என் ஆராய்ச்சி’ன்னு ஆரம்பிக்கிறேன், நடுவுல குந்திகினு கீற அந்தம்மா, ‘சமையலறைல தொடங்குச்சா?’ன்றாங்கோ. மூணு பேரும் சிரிக்கிறாங்கோ. அஜித்து, நிஷா, நானு, எல்லாம் அத்தயே சொல்லிக்கீறோம்.”

“போர்க் கவிதை எப்படிடா சமையலறைல தொடங்கும்?”

“அத்தத்தான் அவங்களும் கேட்டாங்கோ.”

ஹெல்மெட்டோடு அவன் போய்விட்டான். இப்போது விஷயம் தெரிந்தவள் ஹெலினா ஒருத்திதான்.

6

இந்த இடத்தை நான் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

[கவிப்பிரியா திரும்பி வந்தாள். ஹெலினா அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள், எதுவும் சொல்லவில்லை. நான்காவது ஆளும் அதே வாக்கியத்தைச் சொல்லட்டும், ஐந்தாவதாகப் போகிறவள் மட்டும் வேறு மாதிரி தொடங்கினால்—]

எழுதும்போது விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இது ஹெலினா இல்லை. கதைக்குக் காரம் போட நான் கொண்டுவந்த வேறு யாரோ.

என்றாலும் பொய் சொல்லக் கூடாது. அந்த யோசனை அவளுக்கு வந்தது. கவிப்பிரியா வாயைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து வருகிற நேரம் முழுக்க அது அவள் மனதில் இருந்தது. ஜூன் மாதம் இருந்தது. அம்மாவின் சமையலறை இருந்தது. எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்த தன் ஒரே நல்ல வாக்கியத்தை மூன்று பேர் வாய்கொப்புளித்துத் துப்பிவிட்டார்களே என்று ஆத்திரமும் இருந்தது. இவ்வளவும் இருந்தும், கவிப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் சொல்லிவிட்டாள்.

“கவி, அந்தச் சமையலறை வாக்கியத்த உட்டுடு.”

“இன்னாக்கா சொல்றீங்கோ? ஒரு மாசமா அத்தத்தான உருப்போட்டுகினு கீறேன்?”

“உனக்கு முன்னாடி போன மூணு பேரும் அதையேதான் சொல்லியிருக்காங்க. உள்ள சிரிக்கிறாங்க.”

கவிப்பிரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப நான் இன்னா சொல்றது?”

ஹெலினாவிடம் பதில் இருந்தது. கவிப்பிரியாவின் ஆராய்ச்சி அவளுக்கு அத்துப்படி. பெயரில்லாத வேலையாட்களையும் நெமிலிச்சேரியையும் சேர்த்து ஓர் அருமையான முதல் வாக்கியம் அந்த நொடியில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கும் அது தெரியும். தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஹெலினா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்.”

“இப்ப வந்து இத்தச் சொல்றீங்களேக்கா! முன்னாடியே சொல்லிருந்தா வேற எதுனா தயார் பண்ணிருப்பேன்ல?”

“திட்றதெல்லாம் அப்புறம் திட்டு. கூப்பிடறாங்க பார். போ.”

கவிப்பிரியா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டாள். இத்தனை சனிக்கிழமை தட்டச் சொல்லிக்கொடுத்தது வீண்.

7

உள்ளே சிரிப்பு இல்லை. ஹெலினா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மூவருக்கும் ஆன நேரம் தாண்டிவிட்டது. பேச்சு மட்டும் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஒரு தடவை யாரோ நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம்.

அவள் தனக்காக வேறு தொடக்கம் தேடினாள். ‘கடிதங்கள் என்பவை—’ வேண்டாம். ‘பதினோரு வருஷமாகக் கற்பித்து வருகிறேன்.’ ஒப்பாரி மாதிரி இருக்கிறது. ‘என் பெயர் ஹெலினா, நான் பூந்தமல்லியில்—’ ரேஷன் கார்டு. எதுவும் தேறவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு தலைவரான அம்மாள். இடப்பக்கம் வெளியிலிருந்து வந்த நிபுணர், கையில் பிஸ்கட். வலப்பக்கம் கல்லூரிக்காரர். இங்கே நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார் அம்மாள். “சமையலறையைத் தவிர எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.”

ஹெலினா ஃபேனைப் பார்த்தாள். அதில் பதில் இல்லை.

“மன்னிக்க வேண்டும், மேடம். அந்தச் சமையலறை என்னுடையது.”

நிபுணர் பிஸ்கட்டைக் கடிக்காமல் நிறுத்தினார். ஹெலினா சொன்னாள். விடுதியைச் சொன்னாள், செலினைச் சொன்னாள், மேடையில் உட்கார்ந்து படித்ததைச் சொன்னாள். முன்னால் வந்தவர்களுக்கு அதை மாதிரியாகச் சொல்லிக்காட்டியதையும் ஒளிக்காமல் சொன்னாள். யாரும் போனைப் பார்க்கவில்லை.

“அப்படியானால் அவர்களைத் தயார்செய்தது நீங்கள்” என்றார் அம்மாள். “மூன்று பேரும் பயமில்லாமல் உள்ளே வந்தார்கள். எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். அந்த முதல் வாக்கியத்துக்கு அப்புறம் நன்றாகவே பேசினார்கள். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே வாக்கியம். நீங்களே சொல்லுங்கள், நீங்கள் நல்ல ஆசிரியரா, மோசமான ஆசிரியரா?”

சனிக்கிழமைகளில் ஹெலினா எத்தனையோ குரூரமான கேள்விகளைக் கேட்டிருக்கிறாள். இதை யோசித்ததில்லை.

“அந்த மூன்று பேர் விஷயத்தில் தப்பு என்னுடையது” என்றாள். “ஆனால் எனக்கு முன்னால் வந்த பெண்ணும் என்னிடம் படித்தவள்தான். அந்த வாக்கியத்தை விட்டுவிடு என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் சொன்னால், உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அவள் சொன்னது—”

8

இங்கே நிறுத்துகிறேன்.

திட்டாதீர்கள். கவிப்பிரியாவின் வாக்கியத்தை எழுத நான் முயலாமல் இல்லை. ஹெலினாவின் நாக்கு நுனியில் நின்ற அதே வாக்கியத்தைப் போட்டுப் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. அப்பாவின் லேத்தை வைத்து ஒன்று எழுதினேன், அதுவும் பரவாயில்லை. ஆனால் நான் எதை எழுதினாலும், இன்னொருவர் எழுதிக்கொடுத்ததைத்தான் அவள் மறுபடி ஒப்பித்ததாக ஆகிவிடும். ஹெலினா அவ்வளவு சிரமப்பட்டு மூடிக்கொண்ட வாயை நான் திறக்கக் கூடாது.

வேலை யாருக்குக் கிடைத்தது என்று கேட்பீர்கள். இடங்கள் இரண்டு என்று அப்போதே சொல்லிவிட்டேன். சோகமான முடிவு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதை எழுதுகிற அளவுக்கு எனக்கு இவர்கள்மேல் கோபம் இல்லை.

தெரிந்தது ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் நான்கு பேரும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள். கவிப்பிரியா ஐந்து டீ சொல்லியிருக்கிறாள்.

“உள்ள அப்டி இன்னாதான் சொன்ன நீ? அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தாங்கோ?” என்று ஜெகதீசன் அரிக்கிறான்.

“சொல்ல மாட்டேன். மொதல்ல அக்கா வரட்டும். அதுகிட்ட ரெண்டு திட்டு திட்டிட்டு, அப்பால சொல்றேன்.”

ஹெலினா வாசலைத் தாண்டி வருகிறாள். லாரிகளுக்கு வழிவிட்டுச் சாலையின் அந்தப் பக்கம் நிற்கிறாள். முகத்தைப் பார்த்தால் அழுதிருக்கிறாள் என்றும் சொல்லலாம், சிரித்திருக்கிறாள் என்றும் சொல்லலாம். சாலையைக் கடந்து வந்ததும் கவிப்பிரியாவைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொள்கிறாள். டீ சிந்துகிறது.

“ஐயோ, உடுங்கக்கா, எல்லாரும் பாக்குறாங்கோ” என்கிறாள் கவிப்பிரியா. திட்ட மறந்துவிட்டாள். “உள்ள அவங்க உங்களாண்ட சொல்லிட்டாங்களா?”

“சொன்னாங்க. இருந்தாலும் உன் வாயால கேக்கணும். சொல்லு.”

கவிப்பிரியா டீ கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறாள். ஃபேன் இல்லை, பார்க்க வேறு எதுவும் இல்லை. ஹெலினாவின் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள்:

“__________________________”

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். மாதிரி விடை எதுவும் பின்பக்கத்தில் இல்லை.